ஒரு ஓட்டில் தோற்றால் என்ன வழி? டெண்டர் வாக்கும் மறு எண்ணிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாக்கு எண்ணிக்கை நாளில் எங்காவது நூறு, இருநூறு வாக்குகளில் ஒருவர் தோற்றுவிட்டால் உடனே பேச்சு கிளம்பும்: "ரீகவுண்டிங் கேட்க வேண்டியதுதானே?" கேட்கலாம். ஆனால் யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா என்பதில் கட்சிக்காரர்களிடமே குழப்பம் இருக்கிறது. டெண்டர் ஓட்டு (உங்கள் பெயரில் வேறு யாரோ முன்பே போட்டுவிட்டால், நீங்கள் தாளில் போடும் ஓட்டு) விஷயம் இதைவிட மோசம். வாட்ஸப்பில் சுற்றுவதில் பாதி தவறு. இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவில் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு. உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது, அதற்கு விதிகள் தனி. அமெரிக்காவோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் நிறையப் பேர் என்பதால் அதையும் இரண்டு மூன்று இடங்களில் தொட்டிருக்கிறேன்.

பூத்துக்குப் போனேன். என் பெயரில் ஏற்கெனவே யாரோ ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்கிறார்கள். திரும்பி வந்துவிட வேண்டியதுதானா?

வராதீர்கள். வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் போய், 49-பி விதிப்படி டெண்டர் ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. நீங்கள் நீங்கள்தானா என்று அவர் அடையாள அட்டையைப் பார்ப்பார், சில கேள்விகள் கேட்பார். பதில் திருப்தி தந்தால் உங்களுக்கு ஒரு வாக்குச்சீட்டு கிடைக்கும். இயந்திரத்தின் முகப்பில் ஒட்டியிருக்கும் அதே சீட்டுத்தான். பின்பக்கம் டெண்டர் வாக்குச்சீட்டு என்று குறித்திருக்கும். அதற்கென உள்ள பட்டியலில் கையெழுத்துப் போட்டு, மறைவிடத்துக்குப் போய், பழைய காலத்து ரப்பர் முத்திரையைச் சின்னத்தின் மேல் குத்தி, மடித்துக் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தனி உறையில் போட்டு வைப்பார்.

இயந்திரத்தில் பட்டனை அழுத்த விட மாட்டார்கள். "நானும் மிஷினில்தான் போடுவேன்" என்று சண்டை போட்டுப் பயனில்லை. இப்படிப்பட்ட சீட்டுகள் ஒவ்வொரு பூத்துக்கும் வழக்கமாக 20 கொடுத்து அனுப்புவார்கள். ஆகவே "எங்களிடம் அதெல்லாம் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, அந்த ஓட்டை எண்ணுவார்களா?

வாக்கு எண்ணிக்கை நாளில் எண்ண மாட்டார்கள். உறையைப் பிரிக்கவே கூடாது என்பதுதான் விதி.

அப்புறம் எதற்கு அதைப் போட வேண்டும்?

நியாயமான கேள்வி. 2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்' படத்தைப் பார்த்துவிட்டு 49-பி என்றால் ஏதோ பிரம்மாஸ்திரம் என்று நினைத்தவர்களுக்கு இந்த இடத்தில் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

டெண்டர் வாக்கு ஒரு சாட்சி. இந்த வரிசை எண்ணில் முதலில் வந்து போட்டவர் வேறு ஆள், உண்மையான ஆள் பின்னால் வந்தார் என்பதற்கு அரசாங்கக் கோப்பிலேயே பதிவாகும் சாட்சி. வித்தியாசம் பத்தாயிரம் என்றால் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வித்தியாசம் ஒன்று என்றால்?

2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் அதுதான் நடந்தது. பாஜகவின் கல்யாண் சிங் சவுகான் 62,216. காங்கிரசின் சி.பி. ஜோஷி 62,215. ஜோஷி அப்போது மாநிலக் காங்கிரஸ் தலைவர், முதல்வர் நாற்காலிக்குப் பேசப்பட்டவர். வழக்குப் போட்டார். டெண்டர் வாக்குகளைப் பிரிக்கலாமா, எத்தனையைப் பிரிக்கலாம் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மனுதாரர் தன் மனுவில் எழுப்பாத ஒரு பிரச்சினையை உயர் நீதிமன்றம் தானாகச் சேர்த்து விசாரிக்க முடியாது என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவில் எழுதாமல் விட்டதைப் பிறகு வாதத்தில் ஈடுகட்ட முடியாது என்பதால் தேர்தல் வழக்கு வக்கீல்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்குத் தொகுதியிலும் இதே பேச்சு வந்தது. 48 வாக்குகளில் தோற்ற அமோல் கீர்த்திகர், தொகுதியில் 333 டெண்டர் வாக்குகள் விழுந்திருக்கின்றன, அப்படியானால் அத்தனை கள்ள ஓட்டுகள் எண்ணப்பட்டிருக்கின்றன என்று வாதிட்டார். 333 என்பது 48ஐப் போல ஏழு மடங்கு. ஆனால் மனுவில் வழக்கை நடத்தத் தேவையான அடிப்படை விவரங்கள் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே தள்ளுபடி செய்துவிட்டது.

ஆக, உங்கள் டெண்டர் ஓட்டு எண்ணப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் போட்டுவிட்டு வாருங்கள். போடாமல் வந்துவிட்டால் கள்ள ஓட்டு நடந்ததற்கான தடயமே இல்லாமல் போகும்.

ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்குமாமே?

நடக்காது. அப்படி ஒரு விதியே இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் புதுத் தேதி போட்டுக்கொண்டு சுற்றி வரும் ஃபார்வர்டு இது. "பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டுப் போடலாம்" என்று அதிலேயே இன்னொரு வரியும் இருக்கும். அதுவும் பொய்.

அப்படியானால் சேலஞ்ச் ஓட்டு என்று ஒன்று கிடையாதா?

இருக்கிறது, ஆனால் அது வாக்காளர் போடும் ஓட்டு இல்லை. பூத் ஏஜென்ட் கிளப்பும் ஆட்சேபம். "இவர் பட்டியலில் உள்ள ஆள் இல்லை" என்று ஏஜென்டுக்குச் சந்தேகம் வந்தால், இரண்டு ரூபாய் ரொக்கம் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆமாம், இரண்டே ரூபாய். அந்தக் காலத்தில் நிர்ணயித்தது அப்படியே நிற்கிறது. தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆள் உண்மையானவர் என்றால் சாதாரணமாக இயந்திரத்திலேயே வாக்களிப்பார். ஆள்மாறாட்டம் என்று நிரூபணமானால் போலீசிடம் ஒப்படைப்பார்கள். வேண்டுமென்றே கிளப்பிய ஆட்சேபம் என்றால் அந்த இரண்டு ரூபாய் போச்சு.

பட்டியலில் பெயரே இல்லை. அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்களுக்கும் தற்காலிக வாக்கு உண்டாமே? இங்கே உண்டா?

இங்கே கிடையாது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்கு இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இருப்பதைப் புரொவிஷனல் வாக்கு என்பார்கள். 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் 537 வாக்குகளில் வென்று, அதன் வழியாக அதிபரானார். பட்டியலில் பெயர் விடுபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அந்த 537ஐச் சுற்றிப் பெரிதாக எழுந்தது. 2002இல் கொண்டுவந்த கூட்டாட்சிச் சட்டம் இந்தப் புரொவிஷனல் வாக்கைக் கட்டாயமாக்கியது. பெயர் பட்டியலில் இல்லை, ஆனால் நான் பதிவு செய்திருக்கிறேன் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு வாக்குச்சீட்டு கொடுத்தாக வேண்டும். அதைத் தனி உறையில் வைத்திருந்து, அடுத்த சில நாட்களில் பதிவேடுகளைப் பார்த்து, தகுதியானவர்தான் என்றால் எண்ணிக்கையில் சேர்ப்பார்கள். தன் வாக்கு எண்ணப்பட்டதா இல்லையா என்று அவர் கட்டணமில்லாமல் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு.

இரண்டும் உறைக்குள் போகும் வாக்குகள்தான். ஆனால் அங்கே அந்த உறையை அதிகாரிகளே சரிபார்த்துப் பிரிப்பார்கள், இங்கே நீதிமன்றம் சொன்னால்தான் பிரிக்க முடியும். அங்கே தேர்தல் நாளில் முன்னிலையில் இருப்பவர் ஒரு வாரத்தில் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் மோசடி எதுவும் இல்லை, எண்ண வேண்டியது மிச்சம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

வித்தியாசம் குறைவாக இருந்தால் இந்தியாவில் தானாகவே மறு எண்ணிக்கை நடக்குமா?

நடக்காது. இவ்வளவு சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டாயம் திரும்ப எண்ண வேண்டும் என்று இங்கே எந்த வரம்பும் இல்லை. ஒரு வாக்கு வித்தியாசம் என்றாலும் யாராவது கேட்டால்தான் உண்டு.

ஃபுளோரிடாவில் வித்தியாசம் பதிவான வாக்குகளில் அரை சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் இயந்திரத்தில் தானாகவே மறு எண்ணிக்கை நடக்கும். கால் சதவீதத்துக்கு இறங்கினால், இயந்திரம் சரியாகப் படிக்காத சீட்டுகளைக் கையால் பார்ப்பார்கள். அந்த அரை சதவீதக் கணக்கை 2021 தமிழகத் தேர்தலுக்குப் போட்டுப் பாருங்கள். தி.நகர் (137 வாக்குகள்), மொடக்குறிச்சி (281), தென்காசி (370), துரைமுருகன் வென்ற காட்பாடி (746) நான்குமே மறு எண்ணிக்கைக்குள் வந்திருக்கும். இங்கும் அப்படி ஒரு வரம்பு வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். தோற்றவர் கெஞ்சவும் வேண்டாம், அதிகாரி பழி சுமக்கவும் வேண்டாம்.

மறு எண்ணிக்கையை யார், எப்போது கேட்கலாம்?

விதி எண் 63. கோட்டை விடுபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

எல்லாச் சுற்றுகளும் முடிந்து, தபால் வாக்குகளும் சேர்ந்து, தேர்தல் நடத்தும் அலுவலர் இறுதி முடிவுப் பட்டியலில் மொத்தத்தை எழுதி வாசிப்பார். அது படிவம் 20. வாசித்த பிறகு கையெழுத்துப் போடும் முன் ஒரு சிறு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிதான் உங்கள் வாய்ப்பு. வேட்பாளரோ, அவர் இல்லாவிட்டால் அவருடைய தேர்தல் முகவரோ, அவரும் இல்லாவிட்டால் எண்ணும் முகவரோ எழுத்து மூலமாக, காரணத்தோடு கேட்க வேண்டும். முழுத் தொகுதிக்கும் கேட்கலாம், ஒரு பகுதிக்கு மட்டும் கேட்கலாம். விண்ணப்பம் எழுத ஐந்து, பத்து நிமிடம் அவகாசம் கேட்டால் பொதுவாகத் தருவார்கள். படிவத்தில் கையெழுத்து விழுந்துவிட்டதென்றால் கதவு சாத்தியாயிற்று. அதற்குப் பிறகு மறு எண்ணிக்கை மனுவை வாங்கக்கூடாது என்றே விதி சொல்கிறது.

நடப்பு என்ன? கடைசி இரண்டு சுற்றில் தோல்வி தெரிந்ததும் வேட்பாளர் காரில் ஏறிப் போய்விடுகிறார். முகவர்களில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருப்பார்கள். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மிச்சப் பேருக்கு யார் எழுத வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியாது. செல்போன் உள்ளே அனுமதி இல்லை, ஆகவே யாரையும் கேட்கவும் முடியாது. நெருக்கமான போட்டி என்று முன்பே தெரிந்தால், விண்ணப்பத்தை வெற்றுப் படிவமாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். அனுபவமுள்ள முகவர்கள் அப்படித்தான் போகிறார்கள்.

கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. முழுவதும் ஏற்கலாம், ஒரு பகுதியை ஏற்கலாம், அற்பமானது என்றோ நியாயமற்றது என்றோ தோன்றினால் மறுக்கலாம். ஆனால் எதைச் செய்தாலும் காரணத்தை எழுதித் தர வேண்டும். வாய்வார்த்தையாக "முடியாது" என்றால் விட்டுவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பிறகு உயர் நீதிமன்றம் போனால் அந்தக் காகிதம்தான் முதல் ஆவணம்.

"வித்தியாசம் குறைவு" என்பதை மட்டும் காரணமாக எழுதினால் பெரும்பாலும் எடுபடாது. எந்த மேசை, எந்தச் சுற்று, எந்த பூத், என்ன எண் மாறியது என்று எழுத வேண்டும். அதற்குக் கையில் படிவம் 17சி இருக்க வேண்டும்.

அது என்ன 17சி?

வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு பூத்திலும் எழுதும் கணக்கு. மொத்தம் எத்தனை வாக்குகள் இயந்திரத்தில் பதிவாயின, கட்டுப்பாட்டுக் கருவியின் எண் என்ன, சீல் எண்கள் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். எத்தனை டெண்டர் வாக்குச்சீட்டு கொடுத்தார்கள் என்பதும் அதில் உண்டு. ஏஜென்டுக்கு ஒரு நகல் கொடுத்தாக வேண்டும். எண்ணும் மேசையில் கருவியைக் கொண்டுவந்து வைத்ததும் கருவி எண்ணும், "டோட்டல்" காட்டும் எண்ணும் இந்தத் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் முகவரின் முதல் வேலை. தொகுதி முழுக்க உள்ள 17சி நகல்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கும் வேட்பாளர்கள் குறைவு. தோற்ற பிறகு அவற்றைத் தேடி அலைவார்கள்.

வாக்கு இயந்திரத்தில் எத்தனை முறை ரிசல்ட் பட்டனை அழுத்தினாலும் அதே எண்தானே வரும்? பிறகு மறு எண்ணிக்கையால் என்ன லாபம்?

கருவி அதே எண்ணைத்தான் காட்டும். தப்பு நடப்பது அந்த எண்ணைத் தாளில் எழுதும்போது. ஒருவருடைய வாக்கை அடுத்த வரியில் எழுதுவது, ஒரு மேசையின் தாள் கூட்டலில் விடுபடுவது, கூட்டலே தப்பாவது. சாயங்கால நேரத்தில் பதினெட்டாவது சுற்றில் இதெல்லாம் நடக்கும்.

ஹரியானா மாநிலம் பானிபட் மாவட்டத்தில் புவானா லாக்கு என்ற கிராமம். 2022 பஞ்சாயத்துத் தேர்தலில் ஒரு பூத்தில் இரண்டு வேட்பாளர்களின் எண்கள் இடம் மாறிப்போய், தோற்றவர் சர்பஞ்ச் (பஞ்சாயத்துத் தலைவர்) ஆகிவிட்டார் என்று வழக்கு. கடைசியில் இயந்திரங்களை உச்ச நீதிமன்றத்துக்கே கொண்டுவரச் செய்து, பதிவாளர் முன்னிலையில் எண்ணினார்கள். வழக்குப் போட்டவருக்கு 1,051, பதவியில் இருந்தவருக்கு 1,000. 2025 ஆகஸ்டில், ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து, வென்றவர் வென்றதாக அறிவிக்கப்பட்டார். உள்ளாட்சித் தேர்தல்தான் என்றாலும், எந்த இயந்திரத்திலும் கோளாறு இல்லாமல் முடிவு தலைகீழாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

நெருக்கமான போட்டிகளில் தபால் வாக்கைப் பற்றியே ஏன் இவ்வளவு சண்டை?

மனிதன் பார்த்து "செல்லும், செல்லாது" என்று முடிவு செய்யும் ஒரே வாக்கு இப்போது அதுதான். இயந்திரத்தில் செல்லாத வாக்கு என்ற பேச்சே இல்லை.

தபால் வாக்கில் இரண்டு உறைகள். உள் உறையில் வாக்குச்சீட்டு. வெளி உறைக்குள் அந்த உள் உறையோடு ஓர் உறுதிமொழிப் படிவமும் இருக்க வேண்டும், அது 13ஏ. அதில் கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, சீட்டு எண் ஒத்துப்போகவில்லை என்றால் உள் உறையைப் பிரிக்காமலேயே தள்ளுபடி. யாருக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாமலே வாக்கு போய்விடும். இதில் பெரும்பான்மை, தேர்தல் வேலை பார்க்கும் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் போட்டது என்பது இன்னொரு வேடிக்கை. மற்றவர்களின் ஓட்டுக்கு விதி பார்ப்பவர்களின் ஓட்டே விதியில் அடிபடுகிறது.

2016இல் ராதாபுரம். அதிமுகவின் இன்பதுரை திமுகவின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். 203 தபால் வாக்குகளைத் தள்ளியிருந்தார்கள். சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது காரணம். அதிகாரம் உண்டு என்றார் அப்பாவு. 203 எங்கே, 49 எங்கே!

குஜராத்தின் தோல்காவில் 2017இல் அமைச்சர் பூபேந்திரசிங் சூடாசமா 327 வாக்குகளில் வென்றார். தள்ளுபடியான தபால் வாக்குகள் 429. அந்தத் தள்ளுபடி சட்டவிரோதம் என்று 2020 மே மாதம் குஜராத் உயர் நீதிமன்றம் வெற்றியையே ரத்து செய்தது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.

முன்பு சொன்ன மும்பை வடமேற்கின் கணக்கையும் பாருங்கள். இயந்திர வாக்குகளில் கீர்த்திகர் 4,51,095, ரவீந்திர வாய்க்கர் 4,51,094. ஒரு வாக்கு முன்னிலை! தபாலில் கீர்த்திகருக்கு 1,501, வாய்க்கருக்கு 1,550. முடிவில் வாய்க்கர் 48 வாக்கில் எம்.பி. ஒன்பது லட்சம் இயந்திர வாக்குகள் கிட்டத்தட்டச் சமன் ஆகிவிட, சில ஆயிரம் காகித உறைகள் தீர்மானித்தன.

இதனால்தான் இந்தியத் தேர்தல் ஆணையம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. வெற்றி வித்தியாசம் தள்ளுபடியான தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், தள்ளிய அத்தனையையும் பார்வையாளர் முன்னிலையில், வீடியோ எடுத்து, மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும். இதற்கு யாரும் கேட்க வேண்டியதில்லை. தானாக நடக்க வேண்டியது என்று நம் விதிகளில் இருப்பதில் முக்கியமானது இதுதான். தபால் எண்ணிக்கை முடியும் முன் இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக்கூடாது என்று 2025 செப்டம்பரில் இன்னொரு உத்தரவும் வந்திருக்கிறது. நல்ல மாற்றம். கடைசி நேரத்தில் தபால் கட்டைப் பிரித்து முடிவு மாறினால் வரும் கூச்சல் குறையும்.

விவிபாட் சீட்டுகளை (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று இயந்திரத்தோடு இணைந்த கருவி அச்சிடும் சீட்டுகள்) எண்ணச் சொல்ல முடியுமா?

முடியும். எழுத்து மூலம், காரணத்தோடு கேட்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில். விதி 56-டி. அப்படி எண்ணி இயந்திரத்தோடு வித்தியாசம் வந்தால் சீட்டின் எண்ணிக்கையே செல்லும்.

இது தவிர, ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் குலுக்கலில் எடுத்த 5 பூத்துகளின் சீட்டுகளை எப்படியும் எண்ணுவார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் ஒன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை அதே நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று நிராகரித்தது.

தோற்றவர்கள் காசு கட்டி இயந்திரத்தைச் சோதிக்கலாம் என்று செய்தி வந்ததே?

அதே 2024 தீர்ப்பில் வந்த வசதி அது. இரண்டாவது, மூன்றாவது இடம் வந்தவர்கள் முடிவு வந்த ஏழு நாட்களுக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களின் சிப்பில் உள்ள நிரல் மாற்றப்பட்டிருக்கிறதா என்று தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் பார்ப்பார்கள். அந்த ஆண்டு ஒரு இயந்திர செட்டுக்கு ஜிஎஸ்டியோடு 47,200 ரூபாய். மோசடி என்று தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். 4,379 வாக்குகளில் மாணிக்கம் தாகூரிடம் தோற்ற தேமுதிக வேட்பாளர் விஜய பிரபாகரன் தரப்பு விருதுநகரில் 14 பூத்துகளுக்கு விண்ணப்பித்தது. ஒன்றை நினைவில் வையுங்கள்: இதை மறு எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வாக்கு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

எண்ணும்போது ஒரு இயந்திரம் ரிசல்ட்டே காட்டவில்லை என்றால்?

ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை எண்ணி முடிப்பார்கள். மாதிரி வாக்குப்பதிவில் போட்ட ஓட்டுகளை அழிக்க மறந்த இயந்திரத்துக்கும் இதே கதிதான். கடைசியில் வெற்றி வித்தியாசம் அந்த பூத்துகளின் மொத்த வாக்கைவிட அதிகம் என்றால் அவை இல்லாமலே முடிவு. குறைவு என்றால் அவற்றின் விவிபாட் சீட்டுகளை எண்ணுவார்கள்.

இரண்டு பேருக்கும் சமமான வாக்கு வந்தால்?

குலுக்கல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 65. தேர்தல் நடத்தும் அலுவலர் அங்கேயே குலுக்கிப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு வாக்கு கூடுதலாக விழுந்ததாகக் கொள்வார். சட்டமன்றத்துக்கு இது அபூர்வம். உள்ளாட்சியில் சாதாரணம். 2017 மும்பை மாநகராட்சித் தேர்தலில் 220ஆவது வார்டில் சிவசேனா, பாஜக இரண்டுக்கும் தலா 5,946 வாக்குகள். திரும்ப எண்ணியும் சமம். குலுக்கலில் பாஜகவின் அதுல் ஷா ஜெயித்தார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் ஒரு தொகுதியில் 2017 தேர்தல் 11,608க்கு 11,608 என்று நின்றது. பீங்கான் கிண்ணத்தில் இரண்டு பெயர்களைப் போட்டு எடுத்தார்கள். அந்த ஒரு பெயரில் சபையின் பெரும்பான்மையே ஊசலாடியது.

ஒரே ஒரு வாக்கில் வென்றது நாத்துவாரா மட்டும்தானா?

இல்லை. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளி: காங்கிரசின் துருவநாராயணா 40,752, மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி 40,751. 2018இல் மிசோரமின் துய்வாலில் வித்தியாசம் 3. 2023இல் பெங்களூரு ஜெயநகரில் முதலில் முன்னிலையில் இருந்த சவுமியா ரெட்டி, தள்ளுபடியான தபால் வாக்குகளை மறுபடி பார்த்த பிறகு 16 வாக்கில் தோற்றார்.

முடிவு அறிவித்த பிறகு என்ன வழி?

தேர்தல் வழக்கு மட்டும்தான். 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் போச்சு. பிணைத்தொகை 2,000 ரூபாய். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் வாக்காளரும் போடலாம்.

நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு எளிதில் உத்தரவிடாது. வாக்கின் ரகசியம் என்று ஒன்று இருக்கிறது, பெட்டியைத் திறந்து பார்த்தால் ஏதாவது சிக்கும் என்று நினைத்து வலைவீச விட முடியாது என்பது 1960களிலிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை. குறிப்பான குற்றச்சாட்டு, அதற்கு ஆதாரம், அதனால் முடிவு மாறியிருக்கும் என்ற கணக்கு மூன்றும் மனுவிலேயே இருக்க வேண்டும்.

வென்றவருக்கும் ஓர் எச்சரிக்கை. தோற்றவர் "என்னையே வென்றதாக அறிவியுங்கள்" என்று கேட்டிருந்தால், "எனக்கு விழுந்த வாக்குகளையும் தப்பாகத் தள்ளியிருக்கிறார்கள்" என்று வென்றவர் தன் தரப்பில் எதிர்மனு போட வேண்டும். போடாமல் சும்மா இருந்தால் மறு எண்ணிக்கையின்போது அதைச் சொல்ல முடியாது. 1964லேயே ஜபர் சிங் வழக்கில் தீர்ந்துபோன விஷயம் இது.

எவ்வளவு நாள் ஆகும்?

ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ராதாபுரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2016 மே மாதத் தேர்தல். 203 தபால் வாக்குகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் திரும்ப எண்ணும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபர் 1. அக்டோபர் 4ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணவும் செய்தார்கள். அதே நாளில் முடிவை வெளியிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் தடை. எண்ணிய முடிவு வெளிவராமலே சட்டமன்றத்தின் காலம் 2021இல் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு அதே தொகுதியில் வென்ற அப்பாவு சபாநாயகரும் ஆகிவிட்டார்.

தென்காசி கொஞ்சம் வேகம். 2021 தேர்தலில் 370 வாக்குகளில் தோற்ற அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் போட்ட வழக்கில், தபால் வாக்குகளைத் திரும்ப எண்ண உத்தரவு வந்து, 2023 ஜூலையில் எண்ணி முடித்தார்கள். காங்கிரசின் பழனி நாடாரே மறுபடியும் வெற்றி.

மறு எண்ணிக்கைக்குக் கட்டணம் உண்டா?

எண்ணும் மையத்தில் விதி 63இன்படி கேட்பதற்கு ஒரு பைசா கிடையாது. ஒரு வெள்ளைத் தாள், பேனா, கையெழுத்துப் போட உரிமையுள்ள ஒருவர். கடைசியாகச் சொன்ன ஆள் சாப்பிடப் போகாமல் இருக்க வேண்டும்.